அளவைச் சொல்லுங்கள்: இதயநலக் கட்டுரைகள் குறித்து ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்து, அதில் பெரும்பகுதியை இதயநோய்ப் பிரிவில் கழித்து ஓய்வுபெற்றவள் என்பதால், இதயம் பற்றி எது வந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை படிப்பது என் வழக்கம். அண்மையில் வந்த கட்டுரையில் உப்பைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், நன்றாக நடங்கள், கவலையை விடுங்கள் என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்து முடித்தவர் மறுநாள் காலை அடுப்படியில் நின்றுகொண்டு, 'சரி, இன்று நான் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டால், அதற்கு அந்தக் கட்டுரையில் விடை இல்லை. உப்பைக் குறைப்பது என்றால் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு? நடப்பது என்றால் எவ்வளவு நேரம், எந்த வேகத்தில்? அளவு சொல்லாத அறிவுரையை யாரும் மறுப்பதில்லை, யாரும் கடைப்பிடிப்பதும் இல்லை. ஏனெனில் தாம் ஏற்கெனவே குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், போதுமான அளவு நடக்கிறோம் என்று ஒவ்வொருவரும் மனதார நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை என் குடும்பத்திலேயே பார்த்துவிட்டதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என் அண்ணனுக்கு 49 வயதில் இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அன்று அவரைப் பார்த்த மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, 'உப்பைக் குறையுங்கள், கொஞ்சம் நடங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பேச்சு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை என்று அண்ணன் பின்னால் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அழுத்தம் 126/80 என்று இருந்தது. நோய் குணமாகிவிட்டது என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை சாப்பிட்டதால்தான் அந்த எண் இறங்கியது, நிறுத்தினால் மீண்டும் ஏறும் என்பதை அவருக்கு யாரும் விளக்கவில்லை. அதற்குப் பதிலாக, கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை நம்பி, ஏதோ ஒரு விதையை இரவில் ஊறவைத்துக் காலையில் மென்று வந்தார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, உடம்பு நன்றாகத்தான் இருந்தது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலானவர்களிடம் எந்த அறிகுறியையும் காட்டாது என்பதை வார்டில் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொந்த அண்ணனிடம் மாத்திரையைப் பற்றி ஒருநாள்கூடக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

54 வயதில், ஒரு விடியற்காலையில், நெஞ்சின் நடுவே ஏதோ அழுத்துவதுபோல் இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவர், வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று வெந்நீர் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் காத்திருந்தார். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்ததைப் பார்த்த அண்ணிதான் அவரை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் இறந்துபோன இதயத்தசை திரும்பி வரவில்லை. இதயத் துடிப்பு நின்றுவிடாதவரை அது மாரடைப்பு இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் காரணம் தெரியாத களைப்பும் மட்டும் வரக்கூடும்.

அன்று விடிகாலையில் நிகழ்ந்தது அன்று தொடங்கியதன்று. இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், தமனியின் உட்சுவருக்குள் புகுந்து படிகிறது. அதை அகற்ற வரும் வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படித் திரண்ட படிவின் மேல்மூடி ஒருநாள் கிழிகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1953-இல் வெளியிட்ட அறிக்கை என் போன்றோருக்குப் பாடமாகவே சொல்லித்தரப்பட்டது. சராசரியாக 22 வயதே ஆன அந்த இளைஞர்களில் நான்கில் மூவருக்கு மேல் இதயத் தமனிகளில் படிவு தொடங்கியிருந்தது. ஆகவே இதயநலம் என்பது ஐம்பது வயதுக்காரர்களின் கவலை என்று எழுதுவதே தவறு. வீட்டில் எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் சாப்பிடுகிறார்கள். இருபது வயதுப் பிள்ளையின் தமனியும் அதே உப்பையும் அதே எண்ணெயையும்தான் சந்திக்கிறது.

இதில் நம் கையில் இருப்பது எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு பதில் சொல்கிறது. 52 நாடுகளில், முதல்முறை மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டபோது, புகைபிடித்தல், இரத்தக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்பின்மை, மது தொடர்பான பழக்கம் ஆகிய ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தன. பரம்பரை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 'எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வரும்' என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கு அது போதிய காரணம் ஆகாது.

இனி உப்புக்கு வருகிறேன். ஒருவருக்கு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அது மட்டமாகத் தட்டிய ஒரு தேக்கரண்டி. காலை முதல் இரவு வரை வாய்க்குள் போகும் அனைத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். உலக சராசரியோ 10 கிராமுக்கு மேல். அண்ணன் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், 'நாங்கள் உப்பே அதிகம் போடுவதில்லை' என்று அண்ணி உறுதியாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் தாயார் போட்டதைவிடக் குறைவாகத்தான் போட்டார். நான் வாதாடாமல், புதிதாகப் பிரித்த ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தின் மீது பேனாவால் அன்றைய தேதியை எழுதி வைத்தேன். வீட்டில் நான்கு பேர். அந்தப் பொட்டலம் 24 நாளில் தீர்ந்தது. 1000 கிராமை 24-ஆல் வகுத்து, மீண்டும் 4-ஆல் வகுத்தால் ஆளுக்கு 10 கிராமுக்குச் சற்று மேல். பாத்திரம் கழுவும்போதும் காய் வேகவைத்த நீரோடும் கொஞ்சம் வீணாகப் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், வெளியில் வாங்கித் தின்றவற்றில் இருந்த உப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை. அண்ணி அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். 'இத்தனை வருஷமாக எனக்கு இது தெரியவே இல்லையே' என்று மட்டும் சொன்னார்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு, ஆளுக்கு 5 கிராம் என்று கணக்கிட்டால், ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். அந்த இலக்கைத் தேதியாகவே பொட்டலத்தில் எழுதினோம். ஒரே நாளில் பாதியாக்கினால் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்பதால், போடும் அளவில் கால் பங்கு மட்டும் குறைத்தோம். சில வாரங்களில் நாக்கு பழகியதும் இன்னும் கொஞ்சம் குறைத்தோம். மேசையிலிருந்த உப்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டோம். மாவு பிசையும்போது போடும் உப்பை நிறுத்தினோம். எலுமிச்சையும் மிளகும் ஓரளவுக்கு ஈடுகொடுத்தன. அடுத்த பொட்டலம் 31 நாள், அதற்கடுத்தது 36 நாள். ஓராண்டு முடிவில் 43 நாள் வந்தது. இலக்கை இன்னும் எட்டவில்லை; ஆனால் எங்கே இருக்கிறோம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடைக்குட்டிப் பெண்தான் இப்போது தேதி எழுதுகிறாள்.

உப்பு ஏன் அழுத்தத்தைக் கூட்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மனதில் நிற்கும். இரத்தத்தில் சோடியம் கூடினால் உடல் அதற்கேற்ற நீரையும் தேக்கி வைக்கிறது. குழாய்க்குள் ஓடும் இரத்தத்தின் கொள்ளளவு கூடுகிறது. நாளடைவில் குழாய்ச் சுவரும் விறைத்துப்போகிறது. 40 முதல் 69 வயதுக்குள் உள்ளவர்களுக்கு, இரத்த அழுத்தத்தின் மேல் எண் 115-இலிருந்து ஒவ்வொரு 20 புள்ளி ஏறும்போதும் இதயநோயால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று பத்து லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. 140 என்பது தொட்டதும் நோய், அதற்குக் கீழே எல்லாம் நலம் என்று ஒரு கோடு இயற்கையில் இல்லை. அழுத்தம் சில புள்ளிகள் இறங்கினால்கூட அது பயனே.

பொட்டலத் தின்பண்டங்களின் பின்புறத்தில் உப்பு என்று எழுதாமல் பெரும்பாலும் சோடியம் என்றே அச்சிடுகிறார்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, அதாவது ஒரு நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு. அதே லேபிளில் எந்த அளவுக்கான கணக்கு அது என்பதையும் பார்க்க வேண்டும். 30 கிராமுக்கான எண்ணை அச்சிட்டுவிட்டு 100 கிராம் பொட்டலத்தை விற்கும்போது, அதை முழுதாகத் தின்று முடிப்பவர் மூன்று மடங்குக்கு மேல் உண்கிறார். நாக்கில் உப்புக் கரிக்காத ரொட்டியிலும் பிஸ்கட்டிலும்கூடக் கணிசமான உப்பு இருக்கிறது என்பதைப் பலர் நம்புவதே இல்லை.

சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைப் பற்றி வாசகர்கள் அடிக்கடி கேட்பதைப் பார்க்கிறேன். சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-இல் முடிவு வெளியான ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் சில அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்று உப்பை யார் வாங்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் அதைப் பரிந்துரைத்து எழுதுவதை நாளிதழ்கள் தவிர்க்க வேண்டும்.

எண்ணெய்க்கும் இதே தேதி எழுதும் முறை பொருந்தும். எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி இருக்கிறது. நல்ல எண்ணெய் என்று பெயர் வாங்கியதும் அதன் கலோரி குறைந்துவிடுவதில்லை. வெண்ணெய், கொழுத்த இறைச்சி போன்றவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் தாவர எண்ணெய்களிலும் கொட்டைப் பருப்புகளிலும் மீனிலும் உள்ள நிறைவுறாத கொழுப்பு வரும்போது எல்டிஎல் இறங்குகிறது. இருப்பதோடு அதையும் சேர்த்துக்கொண்டால் பயன் கிடைக்காது. கொட்டைப் பருப்பு நல்லது என்று கேட்டதும் தட்டு நிறைய வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பவர்களை அறிவேன். நாளுக்கு 30 கிராம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பிடி போதும். தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ஏற்றி உருவாக்கும் டிரான்ஸ் கொழுப்பு ஒன்றுக்கு மட்டும் குறைந்த அளவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டியதே இல்லை. அது கெட்ட கொழுப்பை ஏற்றுவதோடு நல்ல கொழுப்பையும் இறக்குகிறது. டென்மார்க் 2003-இலேயே அதற்குச் சட்டப்படி வரம்பு விதித்தது.

காய்கனி நாளுக்கு 400 கிராம். உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் இந்தக் கணக்கில் சேரா. ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்தால்தான் 400 கிராம் என்பது நாம் சாப்பிடுவதைவிட எவ்வளவு அதிகம் என்று தெரியும். பழத்தைப் பிழிந்து குடிப்பதைவிடக் கடித்துத் தின்பது நல்லது, நார்ச்சத்து வீணாகாது. குளிர்பானத்தைப் பற்றி ஒரே வரி போதும்: 330 மி.லி. கொண்ட ஒரு குவளையில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை, எட்டுத் தேக்கரண்டிக்கு மேல்.

இதெல்லாம் தனி மனிதரின் மன உறுதியைப் பொறுத்தது என்று எழுதிவிடுவது எளிது. பின்லாந்தின் வட கரேலியா மாநிலத்தில் நடந்ததை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1970-களின் தொடக்கத்தில் உலகிலேயே மிக அதிகமாக ஆண்கள் இதயநோயால் இறந்துகொண்டிருந்த பகுதிகளில் அது ஒன்று. அங்கிருந்த மக்களே அரசிடம் முறையிட்டதன்பேரில் 1972-இல் ஒரு திட்டம் தொடங்கியது. பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் அதற்குத் தலைமை ஏற்றார். மருத்துவமனைகளுக்குள் அடைந்து கிடக்காமல், இல்லத்தரசிகளின் சங்கத்தோடு சேர்ந்து ஊர் ஊராகச் சமையல் சொல்லிக்கொடுத்தார்கள். வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் பழக்கத்துக்கு வந்தது. உணவு தயாரிப்பாளர்களிடம் பேசி உப்பையும் கொழுப்பையும் குறைக்க வைத்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் அங்கே உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணங்கள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்தன. உள்ளூர்ச் செய்தித்தாள்களும் அந்தத் திட்டத்தில் கைகோத்திருந்தன என்பதை, ஆசிரியரான தங்களிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

நடைப்பயிற்சியைப் பற்றி எழுதும்போது லண்டன் பேருந்துகளின் கதையையும் வாசகர்களுக்குச் சொல்லலாம். ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, அதே மாடிப் பேருந்தில் படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் உடற்பயிற்சி செய்கிறோம் என்று நினைத்து ஏறவில்லை. வேலையே அதுவாக இருந்தது. இன்றைய அளவுகோல்படி, மிதமான வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், அல்லது கடுமையான பயிற்சி 75 முதல் 150 நிமிடம். இவற்றோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதமான வேகம் என்றால் என்ன என்று கேட்டால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்று நோயாளிகளிடம் சொல்லுவேன். பாடிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் போதாது. ஒரு வாக்கியத்தை முடிக்கவே மூச்சு வாங்கினால் அதிகம். 'வீட்டு வேலையே போதும்' என்று சொன்ன எத்தனையோ பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே, வேலை செய்யும்போது பாடுவேன் என்றார்கள். மாரடைப்பு வந்து போனவர்களும் நெஞ்சு வலி உள்ளவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

எடையைவிட இடுப்பளவு இதயத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. அதற்கு நாடாவும் வேண்டாம், எடை இயந்திரமும் வேண்டாம். உச்சந்தலை முதல் குதிகால் வரை ஒரு நூலை அளந்து அறுத்து, அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். நூலின் இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாவிட்டால் வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். வெளியில் ஒல்லியாகத் தெரிபவர்களுக்கும் நூல் எட்டாமல் போவதைக் கண்டிருக்கிறேன்.

புகையிலையில் அளவைப் பற்றிய பேச்சே ஒரு பொறி. 'ஒரு நாளைக்கு ஒன்றுதான்' என்று பெருமையாகச் சொல்வார்கள். 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடுகிறது. இருபதில் ஒரு பங்கு என்று எதிர்பார்த்தால் அது நடப்பதில்லை, ஏனெனில் இரத்தத்தை உறையவைக்கும் தன்மையும் குழாயின் உட்புறச் சேதமும் மிகச் சிறு அளவிலேயே தொடங்கிவிடுகின்றன. அருகில் நின்று அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கும் பாதிப்பு உண்டு. இங்கே அளவு பூஜ்யம் ஒன்றுதான். விட்டுவிட்டால் ஓராண்டுக்குள் கூடுதல் ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். பயமுறுத்துவது மட்டும் யாரையும் விடவைத்ததில்லை.

தூக்கம் இந்தப் பட்டியலில் தாமதமாக இடம்பெற்றது. அமெரிக்க இதயச் சங்கம் தன் இதயநல அளவுகோல்களில் 2022-இல்தான் அதைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். தூங்கும்போது இரத்த அழுத்தம் இயல்பாக 10 முதல் 20 சதவீதம் இறங்குகிறது. அந்த ஓய்வு குழாய்களுக்குத் தேவை. உரக்கக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவர்களுக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. பக்கத்தில் படுப்பவர்தான் இதைக் கவனித்துச் சொல்ல முடியும்.

கடைசியாக, எனக்கு மிகவும் பழக்கமான ஒன்று: இரத்த அழுத்தத்தை அளப்பது. இதைத் தவறாக அளந்தால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் தவறிப்போகும். ஒருமுறை மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்த ஓர் அம்மையாரை, நாற்காலியின் விளிம்பில் உட்காரவைத்து, கை தொங்கிக்கொண்டிருக்க, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே புதிதாகச் சேர்ந்த செவிலியர் அளந்தார். 168/98 என்று வந்தது. அம்மையார் முகம் வெளுத்துவிட்டது. நான் அவரைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, முதுகு சாய்த்து உட்காரவைத்து, பாதங்கள் தரையில் படும்படி வைத்து, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். கையை மேசைமேல், இதயத்தின் மட்டத்தில் வைத்து, அவர் புயத்துக்குப் பொருந்தும் பட்டையைச் சட்டைத் துணிக்கு மேலாக அல்லாமல் தோலின்மீது சுற்றி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்தேன். 142/86, 138/84 என்று வந்தது. கவனிக்க வேண்டிய எண்கள்தான், ஆனால் முதல் எண்ணை நம்பியிருந்தால் அவருக்கு அன்றே தேவைக்கு மேல் மருந்து போயிருக்கும். இதற்கு நேர்மாறாக, மருத்துவமனையில் சரியாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. ஆகவே அளப்பதற்கு அரை மணி முன்பு காபியும் புகையும் கூடாது. காலையும் மாலையும் ஒரே நேரத்தில் சில நாள் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, மருத்துவரிடம் நோட்டைக் காட்ட வேண்டும். எண் இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. இந்த ஒரு வரி ஐந்தாண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்த ஏதேனும் ஒரு நாளிதழில் இருந்திருந்தால் அண்ணன் அதைப் படித்திருப்பார். அவர் ஒரு வரி விடாமல் படிப்பவர்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. இதயநலம் பற்றி வரும் ஒவ்வொரு கட்டுரையிலும், 'குறையுங்கள்' என்ற சொல்லுக்கு அருகே ஒரு எண்ணும், அந்த எண்ணை வீட்டில் எப்படி அளப்பது என்ற ஒரு வரியும் இருக்கும்படி கட்டுரையாளர்களிடம் கேளுங்கள். ஏதேனும் ஒரு விதையோ இலையோ இதயத்தைக் காக்கும் என்று எழுதி அனுப்புபவரிடம், எவ்வளவு, எத்தனை நாள், எந்த மருந்துக்குப் பதிலாக அல்ல என்று கேட்டு, பதில் இல்லாதவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மருத்துவப் பக்கத்தின் மூலையில் வாரம் ஒரு சிறு கட்டத்துக்கு இடம் ஒதுக்க முடியுமானால், முதல் வாரம் உப்புப் பொட்டலத்தில் தேதி எழுதும் கணக்கையும், அடுத்த வாரம் இரத்த அழுத்தம் அளக்கும் முறையையும், அதற்கடுத்து நூலால் இடுப்பளக்கும் முறையையும் வெளியிடலாம். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ உப்பு 100 நாள், மூன்று பேருக்கு 66 நாள், ஐந்து பேருக்கு 40 நாள் என்ற சிறு அட்டவணையைக் கத்தரித்து அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி அச்சிட்டால் இன்னும் நல்லது. அந்தக் கட்டத்துக்கான குறிப்புகளை எழுதித் தரவும், வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் பதில் தயாரிக்கவும், என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் மூவர் ஊதியம் எதுவும் இன்றி உதவ முன்வந்திருக்கிறார்கள். முதல் நான்கு வாரங்களுக்கான குறிப்புகளை இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர்